மேல்காட்டை மூடிய மியூவான்

புதிதாக ஒரு விஷயம் தெரிந்துவிட்டால், அதை இன்னொருவர் தலையில் இறக்கிவைக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. இது இன்றும் தீராத வியாதிதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன் என்பதால் இப்போது சம்பளம் கொடுத்து அதை வளர்க்கிறார்கள். பதினேழு வயதில் அப்படியொரு வடிகால் எனக்கு இல்லை. அதன் பலனாக, கோத்தகிரி பக்கம் நாங்கள் இருந்த தேயிலை எஸ்டேட்டில் ஒரு காலைப்பொழுது முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் போகவில்லை.

அம்மா அந்த எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். அப்பாவுக்கு பேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் வேலை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்களுடையது மொத்தம் ஒன்றரை அறை. அந்த அரை அறையில் உட்கார்ந்துகொண்டு நான் பிரபஞ்சத்தை அளந்துகொண்டிருந்தேன்.

சென்னையில் பிளஸ் டூ மாணவர்களுக்குத் துகள் இயற்பியல் முகாம் ஒன்று, பத்து நாள், தங்கும் இடத்தோடு. நான் அதுவரை மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதில்லை. அந்த முகாமுக்கு ஆசைப்பட்டது போல நான் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். மிச்சம் ஒரே ஒரு படி. அறிவியல் படிக்காத பத்துப் பேருக்கு ஏதாவது ஒரு துகளைப் பற்றி விளக்க வேண்டும். கேட்டவர்களில் ஒருவர் அதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டையும் வீடியோ எடுத்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் அனுப்பிவிட வேண்டும்.

ஒரு வாரம் அவகாசம் இருந்தது. திங்கட்கிழமை குவார்க் என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை எதிர்ப்பொருள்தான் என்று மாற்றினேன். புதன்கிழமை ஹிக்ஸ். (ஹிக்ஸைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியாது என்பது அன்று மாலைதான் தெரிந்தது.) நாற்காலியில் உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. வீட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் நான் நடந்த நடைக்குச் சென்னைக்கே நடந்து போயிருக்கலாம் என்று அப்பா சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம், பெண்கள் சாக்கோடு இலை எடை போட நிற்கும் நேரமாகப் பார்த்துக் கொட்டகைக்குப் போனேன். எடை முடியாமல் யாரும் நகர முடியாது. இப்படியொரு வகுப்பறை எந்த வாத்தியாருக்கும் கிடைக்காது. போனில் வீடியோவை ஓடவிட்டுத் தூணில் சாய்த்துவைத்துவிட்டு ஆரம்பித்தேன். அணுவுக்குள் கரு, கருவுக்குள் புரோட்டான், புரோட்டானுக்குள் மூன்று குவார்க். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து என் முகத்துக்கு நேரே உதறினார். எடை போடுகிறவர், நம்பர் தெரியவில்லை, கொஞ்சம் தள்ளி நில் என்றார்.

ஐந்து நிமிடம்கூட எனக்குப் பொறுக்கவில்லை. குவார்க்கை அப்படியே கைவிட்டு மியூவானுக்குத் தாவினேன்.

“இப்ப, இந்த நிமிஷம், உங்க ஒவ்வொருத்தர் உடம்புக்குள்ளயும் ஒன்னு பூந்து போயிட்டிருக்கு,” என்றேன்.

அத்தனை தலையும் திரும்பியது. அந்தத் திரும்பல் என் மண்டைக்கு ஏறிவிட்டது. விண்வெளியிலிருந்து புரோட்டான்கள் பயங்கர வேகத்தில் வருகின்றன, வானத்தின் உச்சியில் காற்றோடு மோதுகின்றன, அந்த மோதலில் பிறக்கும் துகள்கள் சிதைந்து மியூவான்களாகின்றன என்று அடுக்கினேன். மியூவான் எலெக்ட்ரானின் தடித்த அண்ணன், இருநூறு மடங்கு கனம். அதன் ஆயுள் ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனாலும் ஒளியை நெருங்கும் வேகத்தில் ஓடுவதால் அதன் காலம் நம் பார்வைக்கு நீண்டு, தரைவரை வந்து சேர்கிறது. கையை நீட்டினால் நொடிக்கு ஒன்று போல உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு போகும். இதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. தப்பெல்லாம் என் குரலில்தான் இருந்தது. பேய்க்கதை சொல்கிற குரலில் சொன்னேன்.

குடை தடுக்குமா என்று கேட்டார்கள். தடுக்காது. கூரை? தடுக்காது. மலைக்கு மேலே போகப் போக அதிகமா, கம்மியா? இந்தக் கேள்வியைக் கேட்டவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சமவெளியைவிட நம் மலையில் அதிகம், இந்தக் கொட்டகையைவிட உச்சியில் இருக்கிற மேல்காட்டுத் தேயிலையில் அதிகம் என்றேன். (‘துளியூண்டு’ என்று சேர்த்திருக்க வேண்டும். சேர்த்தால் சுவாரசியம் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.)

எங்கள் பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா வரிசையின் கடைசியில் நின்றிருந்தார். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகி, அப்போது ஏழாம் மாதம். அவர் மெதுவாகக் கேட்டார்.

“வயித்துல இருக்கறதுக்கும் போவுமா, புள்ள?”

“கண்டிப்பாப் போகும்க்கா. உங்களுக்கும் போகும், உள்ள இருக்கறவங்களுக்கும் போகும்,” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

அதற்குள் லாரி வந்துவிட்டது. யாரும் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. நாளைக்குள் யாரையாவது பிடித்துச் சொல்லவைக்க வேண்டுமே என்பதுதான் அன்று முழுக்க என் கவலை. பக்கத்து வீட்டில் பாக்கியம் அக்கா அன்று சோறு சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியாது.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு காட்டுத் தேயிலைக்குப் பூச்சிமருந்து அடித்தால், வழி தொடங்குமிடத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். துணி இருக்கும்வரை உள்ளே யாரும் போகக் கூடாது. மாசமாக இருப்பவர்கள் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை மேல்காட்டு வழியில் குச்சியும் சிவப்புத் துணியும் நின்றன.

தோட்ட வேலையை மேற்பார்க்கும் பீல்டு ஆபீசருக்குத் தலைகால் புரியவில்லை. தனக்குத் தெரியாமல் மருந்தடித்தது யார் என்று ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். மருந்தடிக்கிற ஆட்கள் சாமி மேல் சத்தியம் செய்தார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்குமிடத்தில் பெண்கள் கொழுந்து வெட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கீழ்க்காட்டில் வேலை கொடுங்கள் என்று நின்றார்கள். வெயில் ஏறுகிறவரை ஒருவர்கூட அசையவில்லை. கடைசியில் ஒரு பெரியம்மா வாயைத் திறந்தார்.

“மருந்து ஆரும் அடிக்கலைங்க. அது மேல இருந்து தானா வருதுங்க.”

யார் சொன்னது என்று பீல்டு ஆபீசர் கேட்டதும் எல்லோரும் என் அம்மாவைப் பார்த்தார்களாம். அம்மா கத்தரியும் கையுமாக வீட்டுக்கு வந்தார். நான் கண்ணாடி முன்னால் நின்று, ‘திருப்பிச் சொல்லுங்க அக்கா’ என்று எப்படிக் கேட்பது என ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்துப் பேர் கொடுக்குமிடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பீல்டு ஆபீசரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால் ஒன்றுமே ஆகாது, எல்லார் மேலும் எப்போதும் விழுவதுதான் என்று தேம்பித் தேம்பிச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பெரியம்மா கேட்டது நியாயமான கேள்வி.

“நேத்து சிரிச்சுக்கிட்டே பயமுறுத்துன. இன்னிக்கு அழுதுக்கிட்டே ஒன்னுமில்லைங்கற. எதைக் கண்ணு நாங்க நம்பறது?”

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தாலும் என் கட்டைவிரல் போனில் ரெக்கார்டிங்கை அழுத்தியிருந்தது. எஸ்டேட்டே நின்றாலும் எனக்கு மாலை ஐந்து மணி மறக்கவில்லை.

நேற்று அப்படி என்னதான் சொன்னாய் என்று பீல்டு ஆபீசர் கேட்டார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தடுமாறினேன். பாக்கியம் அக்கா வயிற்றில் ஒரு கையை வைத்தபடி முன்னால் வந்தார்.

“இருங்க சார், நான் சொல்றனுங்க. வானத்துக்கு அந்தாண்ட இருந்து ஒன்னு வேகமா வருதுங்க. மேலயே காத்துல மோதி ஒடையுது. அதுல பொறந்தது கீழ ஓடி வருது. அதுக்கு ஆயுசு கண்ணச் சிமிட்டற நேரங்கூட இல்லைங்களாம். ஆனா ஓடற ஓட்டத்துல அதோட நேரம் நம்ம கண்ணுக்கு நீண்டுருது. அதனாலதான் இங்க வரைக்கும் வருது. பாதி வழியிலயே போய்ச்சேந்துடறதும் இருக்குமில்லைங்க? அதுதான் மேல அதிகம், கீழ கம்மி.”

எனக்கு அழுகை நின்றுவிட்டது. பாதி வழியில் சிதைகிற கணக்கை நான் சொல்லவே இல்லை. அதை அவர் தானாகக் கண்டுபிடித்திருந்தார். அத்தோடும் நிறுத்தவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்படின்னா எங்கம்மா வயித்துல நான் இருந்தப்பவும் போயிருக்கும். எங்கம்மாவும் இதே மேக்காட்டுலதான் கொழுந்து எடுத்துச்சு. எனக்கு ஒன்னும் ஆவலையே,” என்றவர் என் பக்கம் திரும்பினார். “இதை நேத்தே சொல்றதுக்கு என்ன புள்ள?”

ஒரு ராத்திரி முழுக்க அவரைப் பயத்தோடு படுக்கவைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மன்னிச்சுக்கங்க அக்கா என்று சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மாவுக்கு ஒரு சந்தேகம். மேல்காட்டுக்கும் மேலே இருப்பது மேனேஜர் பங்களாதானே, அப்படியானால் இருக்கிறதிலேயே அதிகம் விழுவது தொரை மேலேதானே என்றார். எல்லோரும் அண்ணாந்து பங்களாவைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு வரிசையே சிரித்தது. பீல்டு ஆபீசர் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். பாக்கியம் அக்கா மேல்காட்டு வழிக்குப் போய், தானே குச்சியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறித் தலையில் கட்டிக்கொண்டு மேலே நடக்க, மற்றவர்களும் பின்னால் போனார்கள். எல்லோரும் போன பிறகு பீல்டு ஆபீசர் என்னிடம் வந்து, ஆபீசர் குவார்ட்டர்ஸ் பங்களாவைவிடத் தாழ்வாகத்தானே இருக்கிறது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் லைன் பக்கம் வீடியோ போகிற அளவுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்த் தொட்டி. அதன் மேல் ஏறி உட்கார்ந்து, ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு வீடியோவையும் அனுப்பினேன். சென்னை உறுதி என்றே நினைத்தேன். அடுத்த இரண்டு வாரமும் நான் வீட்டில் இருந்த நேரத்தைவிடப் போனோடு தொட்டி மேல் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம்.

பதில் வந்தது. மியூவானின் ஆயுள் நீள்வதும், உயரத்துக்கேற்ப எண்ணிக்கை மாறுவதும் மிகத் தெளிவாக விளக்கப்பட்டிருப்பதாக முதல் வரியில் பாராட்டியிருந்தார்கள். தொட்டி மேலேயே எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த வரியில், விளக்கியவர் விண்ணப்பதாரர் அல்ல என்று தெரிகிறது என்றிருந்தது. முதல் வீடியோவில் கேட்பவர்களைப் பயமுறுத்துபவரும் இரண்டாவது வீடியோவில் அழுபவரும்தான் விண்ணப்பதாரர் என்றால், இந்த ஆண்டு இடம் தர இயலவில்லை. விளக்கிய அம்மையார் பிளஸ் டூ படிப்பவராக இருந்தால் உடனே தொடர்புகொள்ளவும்.

இரண்டு நாள் அழுதேன். தான் முந்திக்கொண்டு பேசியதால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று பாக்கியம் அக்கா வந்து வருத்தப்பட்டார், அது எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று. அவருக்குச் சுகப்பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்தது. எனக்கு, இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மியூவான் பாடத்தைத் தொடங்குவது என்ற பழக்கம் மிஞ்சியது. அதைக் கேட்டதும் பாதி வகுப்புக்கு ஆர்வம் போய்விடுகிறது.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா மட்டும் இதை விடுவதாக இல்லை. எங்கள் லைனிலிருந்து சென்னையில் நடந்த பெரிய விஞ்ஞான முகாமுக்கு ஆள் கேட்டு லெட்டர் வந்தது என்று பெருமையாக ஆரம்பிப்பார். வந்தவர்கள் மரியாதையோடு என்னைப் பார்ப்பார்கள்.

“இவ இல்லைங்க, பக்கத்து ஊட்டுப் பாக்கியம்,” என்பார். “மாசமா இருந்ததால போவ முடியல.”