பாதாளம் துழாவாத ஒரே கிணறு

ஸ்ரீரங்கத்தில் மொத்தம் எத்தனை கிணறுகள் என்பது அந்த நாளில் நகராட்சிக்கே தெரியாது. பள்ளிகொண்ட பெருமாளுக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். பாதாளத்துக்கு நிச்சயமாகத் தெரியும். எந்தக் கிணற்றில் எவ்வளவு ஆழம், எதில் சேறு, எதில் பாறை, எந்த வீட்டு மருமகள் மாமியார்மேல் கோபம் வந்தால் வாளியைக் கயிற்றோடு உள்ளே விடுவாள் என்பது வரை அவருக்கு மனப்பாடம்.

பாதாளம் என்பது தெரு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் கொல்லுப்பட்டறை வேலை. கறுத்த, நெட்டையான மனிதர். சைக்கிள் ஹேண்டிலில் எப்போதும் ஒரு பாதாளக்கரண்டி தொங்கும். அவரே அடித்துச் செய்தது. அவர் வருவதற்கு முன்னால் அதன் கிணுகிணு சத்தம் வந்துவிடும். புதிதாகக் குடிவந்தவர்கள் ஐஸ்காரன் என்று நினைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவருவார்கள்.

குழாயைத் திறந்தே தண்ணீர் பார்த்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பாதாளக்கரண்டி என்பது இரும்பு வளையத்தில் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும் ஒரு சாமான். வாளி கிணற்றில் விழுந்தால் இந்தக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவோம். தெருவுக்கு ஒன்றுதான் இருக்கும். இரவல் கேட்டுப் போகிறவர் ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துவர வேண்டும். கரண்டி திரும்பினால்தான் பாத்திரம் திரும்பும். கலெக்டர் வீடாக இருந்தாலும் இதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

பாதாளத்தின் கரண்டிக்கு மட்டும் இந்த வழக்கம் இல்லை. அவர் அதை இரவலே கொடுக்க மாட்டார். கூப்பிட்டால் அவரே வருவார், காசு வாங்க மாட்டார், காபி கொடுத்தால் குடிப்பார். வாளி மேலே வந்த பிறகும் கிணறு முழுவதையும் ஒரு முறை துழாவிவிட்டுத்தான் போவார். அவ்வளவுதான் அவருடைய நிபந்தனை. அதற்குக் காரணம் அவருடைய தம்பி ரத்தினம்.

நான் எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, அடையவளஞ்சான் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், நாலு குடித்தனத்துக்கு ஒரே கிணறு என்ற வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எதிர்ப் போர்ஷனில் பாதாளமும் அவர் மனைவி சரோஜா அக்காவும் இருந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கூடவே வளர்த்த தம்பி ரத்தினம்தான் பிள்ளை. ரத்தினம் ஒரு மரவாடியில் லாரி ஓட்டினான். நான் வந்தபோது அவன் காணாமல் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கதையை முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்கள், உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால்.

லாரியில் தேக்குக்கு அடியில் சந்தனக்கட்டை போவதை ரத்தினம் பார்த்துவிட்டான். "இந்த வேலை வேணாம்ணே, சாவியைக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, பங்குனி மாதத்து ஒரு காலையில் சைக்கிளில் மரவாடிக்குக் கிளம்பினான். ஹேண்டிலில் டிபன் கேரியர். அதில் சரோஜா அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. அங்கிருந்து சமயபுரத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவதாகத் திட்டம். அவன் திரும்பி வரவில்லை.

"சாவியைக் குடுத்தான், போயிட்டான்" என்றார் மரவாடிக்காரர். சைக்கிள் மட்டும் கொள்ளிடம் பாலத்தில் சாய்ந்து நின்றது. ரத்தினம் ஆற்றில் விழுந்து இறந்துவிட்டான் என்று போலீஸ் முடித்துவிட்டது. பங்குனி மாதத்துக் கொள்ளிடத்தைத் திருச்சிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதில் மூழ்கிச் சாக நினைப்பவன் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோனால்தான் உண்டு.

பாதாளம் அதைவிட நியாயமான ஒன்றைக் கேட்டார்.

"சாகப்போறவன் டிபன் கேரியரையும் தூக்கிக்கிட்டாங்க குதிப்பான்? சைக்கிள் இருக்கு, கேரியர் எங்கங்க?"

"எவனாச்சும் எடுத்துட்டுப் போயிருப்பான்யா" என்றார் எஸ்.ஐ.

"சைக்கிளை விட்டுட்டு சோத்தையா எடுத்தான்?"

"பசிச்சிருக்கும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கரண்டி அடிக்க ஆரம்பித்தவர்தான். தம்பி ஆற்றில் இல்லை என்றால் ஏதோ ஒரு கிணற்றில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டார். ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் ஊர்க் கிணறுகளைத் துழாவக் கிளம்பினார். ஊரோ, இலவசமாக வாளி எடுத்துத் தர ஒரு ஆள் கிடைத்தார் என்று கொண்டாடியது. நாமெல்லாம் அப்படித்தான்.

அவர் எடுத்துக் கொடுத்த சாமான்களை வைத்துப் பெரிய கடை வீதியில் ஒரு கடையே திறந்திருக்கலாம். ஒரு வீட்டில் மருமகள் திருடிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வெள்ளி டம்ளர், பாதாளத்தின் கொக்கியில் மாட்டிக்கொண்டு மேலே வந்தது. மாமியார் வாயை மூடியதை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. ஒரு ஹெட்மாஸ்டரின் பல்செட் வந்தது. பரீட்சைக்குப் படிக்க எழுப்புகிறது என்று ஒரு பையன் தூக்கிப் போட்ட அலாரம் கடிகாரம் வந்தது.

ஸ்டேஷன் கிணற்றில் வாளி விழுந்தபோதும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். வாளியோடு ஒரு கைவிலங்கும் வந்தது. பாதாளம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கொடுய்யா, கவர்மென்ட் சாமான்" என்றார் ரைட்டர்.

"காணாமப் போனதத் தேடுனீங்களா?"

"இல்ல."

"நான் தேடுனேன், கெடச்சிருச்சு. தேடுனா கெடைக்கும்னு உங்க எஸ்.ஐ.கிட்ட சொல்லுங்க."

கைவிலங்கை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனால் அவர் துழாவும்போது பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்க மாட்டார்கள். கொக்கியில் ஏதாவது கனமாகச் சிக்கிவிட்டால் அவர் இழுப்பதை நிறுத்திவிடுவார். கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். பெண்கள் நாங்கள் பேச்சை நிறுத்தி, குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுவோம். பிறகு மெல்ல மெல்ல இழுப்பார். ஒரு அம்மிக்குழவியோ தென்னங்கட்டையோ வரும். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்.

ஒருநாள் காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்டேவிட்டேன்.

"எதுக்குண்ணே இப்படி உங்களையே வதைச்சுக்கறீங்க?"

"கெடைச்சிரணும்னும் வேண்டிக்கிறேன் தங்கச்சி, கெடைக்கக் கூடாதுன்னும் வேண்டிக்கிறேன். அந்த மாரியாத்தா எதைத்தான் கேப்பா, பாவம்."

ஊரில் அவர் துழாவாத கிணறு ஒன்றே ஒன்று இருந்தது. மரவாடிக் கிணறு. மரவாடிக்காரரின் வீடும் அதே காம்பவுண்டுக்குள்தான். அங்கே கேட்டைத் தாண்ட அவரை விட்டதில்லை. போதாக்குறைக்கு மரவாடிக்காரர் தன் வீட்டுக்கென்று சொந்தமாக ஒரு பாதாளக்கரண்டி வாங்கி வைத்திருந்தார். இலவசமாக எடுத்துத் தர ஆள் இருக்கும் ஊரில் எவனாவது அதைக் காசு கொடுத்து வாங்குவானா? எங்கள் சந்துப் பெண்களைப் பொறுத்தவரை கேஸ் அன்றைக்கே முடிந்துவிட்டது. தீர்ப்பு எழுதத்தான் ஆளில்லை.

ஏழெட்டு வருஷம் இப்படியே போனது. ஒருநாள் உச்சி வெயிலில் எங்கள் சந்துக்குள் மரவாடிக்காரரின் மனைவி வந்தார். அந்த அம்மா கோயிலைத் தவிர எங்கும் வெளியே வந்து நாங்கள் பார்த்ததில்லை. கையில் துணி சுற்றிய ஒரு பாத்திரம். நானும் சரோஜா அக்காவும் முற்றத்தில் அப்பளத்துக்குக் காவல் இருந்தோம். பாதாளம் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தவர் எழுந்து வந்தார்.

"வாளி விழுந்துருச்சுங்கண்ணே. எங்க வீட்டுக் கரண்டியைக் காணல. உங்களோடதக் குடுங்க" என்றார் அந்த அம்மா.

"நானே வரேங்கம்மா."

"வேணாங்கண்ணே. அவங்க மெட்ராஸ் போயிருக்காங்க. ஆளுங்க உங்கள உள்ள விட மாட்டாங்க. கரண்டிய மட்டும் குடுங்க. ஈடு கொண்டாந்திருக்கேன்."

பாதாளம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தெரு கண்டிராத அதிசயமாக, கரண்டியை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

சரோஜா அக்காதான் துணியைப் பிரித்தார். மூன்று அடுக்குப் பித்தளை டிபன் கேரியர். பளபளவென்று புளிபோட்டுத் தேய்த்திருந்தது. மூடியில் பாத்திரக்கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர், பொ. ரத்தினம். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பாதாளம் ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். மரவாடிக் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே நாலு தடியர்கள் நின்றார்கள். அந்த அம்மா கிணற்றடியிலிருந்து வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"கயிறு அறுந்து உங்க கரண்டி கெணத்துக்குள்ள போயிருச்சுங்கண்ணே. நீங்க வந்துதான் எடுக்கணும்."

அறுந்ததாக அவர் சொன்ன கயிறு முழுசாக அவர் கையிலேயே இருந்தது. தன் வீட்டுக் கிணற்றைத் துழாவப் பாதாளத்துக்கு ஒரு உரிமையை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறார் அந்தப் பெண்பிள்ளை. இதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும்? முதலாளி வராமல் திறக்க மாட்டோம் என்று தடியர்கள் நின்றார்கள். பாதாளம் அங்கிருந்தே ஸ்டேஷனுக்குப் போனார். "நாளைக்கு வர்றோம்" என்றார்கள்.

நாளைக்கு வந்தார்கள். அதற்குள் முதலாளியும் வந்திருந்தார். கிணறு இருந்த இடத்தில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மட்டம் தட்டியாகிவிட்டது. தண்ணீர் கெட்டுப்போய்விட்டதாம். அந்த அம்மாவை மணப்பாறைக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அதன்பிறகு அவரை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. உயிரோடுதான் இருந்தார் என்று மணப்பாறைப் பக்கத்து ஆட்கள் சொல்லிக் கேள்வி. அந்த ஒரு ஆறுதலாவது இருக்கட்டும்.

டிபன் கேரியரைக் காட்டியதற்கு, "வேலை பாத்த எடத்துல மறந்து வெச்சிருப்பான்" என்றார்கள். ஸ்டேஷனில் அதைக் கையில் வாங்கவே இல்லை. வாங்கினால் கேஸைத் திறக்க வேண்டுமே.

அப்போதுதான் பாதாளம் ஒரு காரியம் செய்தார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், என் பாதாளக்கரண்டி காணவில்லை, வாங்கிக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை என்று புகார் கொடுத்தார். மனுஷன் காணாமல் போனதற்குப் பேனாவில் மை இல்லாத ஸ்டேஷனில் இரும்புக் கொக்கிக்கு உடனே விசாரணை நடந்தது. அவர் கொடுத்ததைப் பார்த்த சாட்சி என்று நானும் போனேன். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் முன்னால் மரவாடிக்காரர் ஒரு புத்தம்புதுக் கரண்டியை வைத்தார்.

"இந்தாங்க. பழசுக்குப் புதுசு. எங்க பாத்திரத்தைக் குடுத்துடச் சொல்லுங்க."

பாதாளம் அதைத் தொடக்கூட இல்லை.

"இது என் கரண்டி இல்லீங்க. என்னோடது எங்க கெடக்குதுன்னு இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. ஈட்டைத் திருப்பிடறேன்."

"ஒரு கரண்டிக்காக மூடின கெணத்தத் தோண்டச் சொல்றியாய்யா?"

"தம்பிக்காகத் தோண்டச் சொன்னேன், சட்டத்துல எடமில்லன்னாங்க. கரண்டிக்காவது எடமிருக்கான்னு பாருங்கய்யா."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மரவாடிக்காரரை ஒரு பார்வை பார்த்தார். தோண்டத்தான் போகிறார் என்று நான் நம்பினேன். அடுத்த மாதமே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பாதாளம் எந்தக் கிணற்றையும் துழாவவில்லை. வேறு கரண்டியும் அடிக்கவில்லை. "எடம் தெரிஞ்சிருச்சு, இனி எதுக்குத் தேடறது" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் டிபன் கேரியரைப் புளிபோட்டுத் தேய்த்து வெயிலில் காயவைப்பார். அதைக் கேட்டு மரவாடியிலிருந்து ஆள் வரும். மிரட்டுவார்கள், கெஞ்சுவார்கள். "கரண்டியைக் கொண்டாங்க" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லியதில்லை. காலிப் பாத்திரத்துக்காக அந்தப் பெரிய மனிதர் அத்தனை முறை ஆளனுப்பியதைவிட வேறு ஒப்புதல் வாக்குமூலம் எனக்குத் தேவைப்படவில்லை.

சரோஜா அக்கா முதலில் போனார். எண்பதுகளின் நடுவில் பாதாளமும் படுத்துவிட்டார். ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் கேரியரை என் கையில் கொடுத்தார்.

"கரண்டி வந்தா இதக் குடுத்துடுங்க தங்கச்சி. வராம யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க."

"நீங்களே வந்து குடுப்பீங்கண்ணே" என்றேன். அவருக்கும் எனக்கும் தெரிந்த பொய்தான்.

மரவாடி இருந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. கிணறு இருந்த இடம் சாப்பாட்டுக் கூடம். அங்கே யார் கல்யாணத்துக்குப் போனாலும் அட்சதை போட்டுவிட்டு, பந்தியில் உட்காராமல் வந்துவிடுவேன். கீழே அண்ணனின் கரண்டி தம்பிக்குத் துணையாகக் கிடக்கிறது என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்காது.

டிபன் கேரியர் என் வீட்டில்தான் இருக்கிறது. என் மருமகள் ஒருமுறை பழைய பித்தளைக்காரனிடம் போட எடுத்தாள். நான் போட்ட சத்தத்தில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு கதையைச் சொன்னேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவள்தான் தேய்க்கிறாள். கரண்டி வருகிறவரை இங்கேயே இருக்கட்டும் அண்ணே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.