ரெண்டு தோட்டாவும் ஒரு தோளும்

ஞாயிற்றுக்கிழமை ஒரு வாழைத்தாரைக்கூடத் தோளில் ஏற்றுவதில்லை என்று ஈஸ்வரபாண்டி முடிவெடுத்துவிட்டார். சின்னமனூரில் அவருக்கு ஒரு ஏக்கர் வாழை. அதை வெட்டி லாரியில் ஏற்றும் நாள் அது. சுமைக்கு வருவதாகச் சொன்னவர்களில் இருவர் கல்யாண வீட்டுக்குப் போய்விட, அந்த இரண்டு பேர் வேலைக்கும் தன் கணவர் ஒருவரே போதும் என்று மனைவி முனீஸ்வரி தீர்மானித்திருந்தாள். அவரோ அன்றுதான் கூட்டாளி ஜஸ்டினின் காரில் வைகை அணைக்குப் போய்ப் பொரித்த மீன் சாப்பிடுவதாக இருந்தார். மீனா, தாரா என்று வந்தால் எந்த மனுஷன் தாரை எடுப்பான்?

வழி காட்டியது செல்போன். எந்த வேட்டைத் துப்பாக்கித் தோட்டா தோளை அதிகமாக உதைக்கும் என்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் காட்டும் வீடியோக்களை அவர் கொஞ்ச நாளாகவே விழுந்து விழுந்து பார்த்துவந்தார். தீபாவளித் துப்பாக்கி தவிர வேறெதையும் கையால் தொட்டதில்லை. ஆனால் பலமாக உதைக்கும் மேக்னம் தோட்டா என்று யாராவது வாயைத் திறந்தால் அவர் வாயை மூட முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் வலது தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

"என்னாச்சுங்க?"

"குமுளிக்கு அங்கிட்டு ஜஸ்டினோட மச்சான் எஸ்டேட்டுக்குப் போனம்ல. அங்கன ரெண்டு மேக்னம் தோட்டாவைப் பலகையில சுட்டுப் பாத்தேன். உதைச்சிருச்சு, முனீசு."

சட்டையை விலக்கிக் காட்டினார். கன்றிப்போன மாதிரி இரண்டு ஊதாத் தடங்கள். ஒன்று எட்டணா அளவு, மற்றது அதிரசம் அளவு. சின்னதற்கு ஒரு பன்னீர் திராட்சை, பெரியதற்கு ஒரு கைப்பிடி. தோலோடு நசுக்கித் தேய்த்திருந்தார்.

முனீஸ்வரி தொட்டுப் பார்த்தாள். விரல் பிசுபிசுத்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு தடம் இருக்கே?"

"சின்னது முந்நூறாம் நம்பர் தோட்டா. பெருசு முந்நூத்தி முப்பத்தெட்டு."

"பெருசுதேன் கூட உதைக்குமாக்கும்?"

"பின்னே? வெடிமருந்து ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதேன். முப்பத்தெட்டுல குண்டு கனம். கனமான குண்டு முன்னால பாஞ்சா, பின்னால உதையும் கூட வரும். துப்பாக்கி மட்டும் லேசா இருந்துருந்தா நீ என்னைய ஆஸ்பத்திரியிலதேன் பாத்துருப்ப."

"வென்னி ஒத்தடம் குடுக்கட்டா?"

"தண்ணியே படக்கூடாதாம்."

"அப்படியா. சரி, நீங்க தார் தூக்க வேணாம். தோட்டத்துல சும்மா உக்காந்து பாத்துக்கங்க, போதும். தோளை மட்டும் அசைச்சிறாதீக."

இவ்வளவு லேசாக முடியும் என்று அவரே நினைக்கவில்லை. பாவம், நல்ல மனசுக்காரி என்று மனைவியை நினைத்து உருகினார். காலையில் தடம் மங்கியிருந்ததால் இன்னும் கொஞ்சம் திராட்சையைப் பூசிக்கொண்டு கிளம்பினார்.

தோட்டத்தில் முனீஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டே வரப்பெல்லாம் நடந்தாள். ஓரிடத்தில் நின்று சாக்கை விரித்தாள்.

"இங்கன உக்காருங்க. சட்டையக் கழட்டிருங்க, புண்ணு காத்தாடட்டும்."

கொஞ்ச நேரத்தில் முதுகில் ஏதோ ஊர்ந்தது. பிறகு தோளில் சுள்ளென்றது. ஜஸ்டின் கார் வரும்வரை தாங்கிவிடலாம் என்று பல்லைக் கடித்தார். அந்த வரப்பின் சுள்ளெறும்புகளோ பன்னீர் திராட்சையை அதுவரை ருசி பார்த்ததில்லை. கடைசியில் ஈஸ்வரபாண்டி அலறிக்கொண்டு எழுந்தார். அசைக்கவே கூடாத வலது கை தலைக்கு மேலும் கீழும் வட்டமடித்தது. சுமைக்காரர்கள் தாரை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

ரோட்டில் ஜஸ்டின் கார் ஹாரன் அடித்தது. சுமைக்குத் துண்டை மடித்து அவர் தோளில் போடப் போன முனீஸ்வரி, ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தாள்.

"நீங்க சொன்னது நெசந்தேங்க. முந்நூறுல நாலஞ்சு எறும்புதேன் நிக்குது. முப்பத்தெட்டுலதேன் கூட்டம்" என்றாள். துண்டைப் போட்டு, அந்தத் தோளிலேயே தாரை ஏற்றிவிட்டாள்.