ஹால் பார்க்கும் நைனா

சென்னையில் எந்தப் பெரிய ஹோட்டலில், எந்த வாசல் வழியாக மாப்பிள்ளை வந்தால் ஆரத்திக் கற்பூரம் காற்றில் அணையாது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஹால் நைனாதான். அந்த ஹோட்டல்களை நடத்துகிறவர்களுக்கே அது தெரியாது.

அபிராமபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களை எல்லாம் 'நைனா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அவரே நைனாவாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்றைக்கு வெள்ளை வேட்டியும் செண்டு வாசனையுமாக என் வீட்டு வாசலில் நிற்பார்.

"இன்னா சார், இன்னும் பனியனோட கீற? பொண்ணுக்கு ஹால் பாக்க வேணாவா?"

பெண் என்றால் அவருடைய பெண். ஒரே பெண், திவ்யா. இதில் சின்னச் சிக்கல் என்னவென்றால், திவ்யாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. கூட வேலை பார்த்த பையனை ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டு வேளச்சேரியில் குடித்தனம் செய்கிறாள். நைனாவின் சம்சாரம் அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருவார். நைனா மட்டும், "அவ மூஞ்சே எனக்கு மறந்து பூட்ச்சி" என்று முறுக்கிக்கொண்டு திரிந்தார். அந்த மறந்துபோன முகத்துக்குத்தான் வாராவாரம் ஹால் பார்த்தார். நான் பெண்ணின் பெரியப்பா வேஷம். தனியாகப் போனால் கல்யாண வீட்டுக் களை வராதாம்.

ஹால் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டால் ஹோட்டலில் திறக்காத கதவே கிடையாது. ஜூஸ் கொடுத்து, நீச்சல் குளத்திலிருந்து மணமகள் அறைவரை அழைத்துப்போய்க் காட்டுவார்கள். நைனா லேசில் திருப்தியாக மாட்டார். தி.நகரில் ஒரு ஹோட்டல் லிஃப்டுக்குள் என்னைக் கைகளை நீட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார்.

"இவரு கையில சீர் தட்டு கீதுன்னு வச்சிக்க. பின்னாடி நாத்தனார் எங்க நிப்பா?"

மேனேஜர் திருதிருவென்று விழித்தார். "பக்கத்துல இன்னொரு லிஃப்ட் இருக்கு சார்."

"அப்போ நாத்தனார் கோச்சிக்கினு தனியா வரணுமா?"

அந்த நாத்தனார் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், அடையாறு தாண்டிக் கடலோரம் இருக்கும் அந்த ரிசார்ட்டுக்கு ஒரு ஞாயிறு போனோம். பெரிய மாநாடுகள் எல்லாம் நடக்கிற இடம். ஒரு பக்கம் செட்டுப் போட்ட ராஜஸ்தான் கோட்டை, இன்னொரு பக்கம் கேரளப் படகு வீடு. நடுவில் சாட்சாத் மயிலாப்பூர்! மாடவீதி, குளம், பிளாஸ்டிக் மல்லிகை தொங்கும் பூக்கடை, பிளாஸ்டர் கோபுரம். அசல் கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிற நாங்கள், இதைப் பார்க்க ஆட்டோ பிடித்துப் போயிருந்தோம்.

கோபுரத்தைக் கண்டதும் நைனாவின் கை தன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கால் தன்னால் செருப்பைக் கழற்றியது. உள்ளே போனால் காபி ஷாப். திரும்பி வந்தால் செருப்பைக் காணோம். நைனாவுக்குப் பரம சந்தோஷம்.

"டூப்ளிகேட்டுன்னு நெனச்சேன் சார். செருப்புகூட காணாம பூட்ச்சே, அப்டியே ஒரிஜினல் மாரி கீது!"

வெறுங்காலோடு கம்பளத்தில் நடந்து மாநாட்டு ஹாலுக்குள் போனோம். கடலை உள்ளே விட்டால்கூட நிரம்பாத ஹால். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஸ்கிரீன். சுற்றிக் காட்ட வந்த பெண்ணுக்குத் திவ்யா வயதுதான் இருக்கும். "பொண்ணு பேர் சொல்லுங்க அங்கிள், போட்டுக் காட்டறேன்" என்றாள்.

வழக்கமாக நைனா ஹோட்டலுக்கு ஹோட்டல் பெண்ணுக்கு ஒரு புதுப் பெயர் சொல்வார். அன்றைக்கு என்னவோ, "திவ்யா" என்றார்.

"மாப்பிள்ளை பேர்?"

இரண்டு வருஷமாக அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. கடையில் யாராவது சொன்னால்கூட மெஷினைச் சத்தமாக ஓடவிடுவார். வேட்டி நுனியைத் திருகினார்.

"பிரகாஷ்" என்றார், யாருக்கோ ரகசியம் சொல்வதைப்போல.

இரண்டு பெயர்களும் ஆளுயரத்துக்குத் தங்க நிறத்தில் எழுந்து நின்றன. நைனா அண்ணாந்து பார்த்தார். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தார். எனக்குத்தான் காட்டப்போகிறார் என்று கையை நீட்டினேன். அவர் மகளுக்கு அனுப்பிவிட்டார்.

உடனே போன் அடித்தது. "நீ பேசு சார்" என்று என் கையில் திணித்தார்.

"உம்ம பொண்ணுய்யா. நீரே பேசும்!" என்று திருப்பித் திணித்தேன்.

"ஹலோ... ஆங், நான்தான்... ஹால் பாத்துகினு கீறேன்மா. உனுக்குதான்."

அந்தப் பக்கம் பேசியது எனக்கே கேட்டது. "எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சேப்பா!"

"ஆயிட்ச்சி. நான் இன்னும் பாக்கலியேம்மா" என்றார் நைனா.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. சுற்றிக் காட்டிய பெண்ணும் ஸ்கிரீனை அணைக்காமல் அப்படியே நின்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் நைனா வேளச்சேரியில் இருக்கிறார். மாப்பிள்ளை மட்டன் வாங்கி வருகிறாராம். இவர் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறாராம். போன வாரம் ஒரு ஹோட்டலைத் தாண்டிப் போகையில் என்னை அறியாமல் லாபிக்குள் நுழைந்துவிட்டேன். "சொல்லுங்க சார்?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். ஹால் பார்க்க வந்தேன் என்று சொல்ல நைனா கூட இல்லையே; வந்த வழியே திரும்பினேன்.

மனுஷன் நன்றாக இருக்கட்டும். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறையாவது எனக்கு விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்?