லாரியை எழுப்பிய பிரதர் லீலண்ட்

மினசோட்டாவின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில், ஜனவரி மாதம் மனிதன் எழுந்துவிடுவான், வண்டி எழுந்திருக்காது. அந்தக் குளிர்காலத்தில் ஞாயிறுதோறும் தூண்டில் கடை வாசலில் ஒரே கூட்டம். பிரதர் லீலண்ட் உயிர்ப்பிக்கிறாராம். செத்த மனிதர்களையல்ல, செத்த லாரிகளை.

லீலண்ட் கோடை முழுவதும் மெக்கானிக். ஊரிலுள்ள பழைய லாரிகளின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோல் பீய்ச்சும் கருவியைப் பொருத்தித் தந்தவர். இலை உதிர்ந்ததும் அவருக்குத் தெய்வ அழைப்பு வந்தது. பனி விழுந்ததும் அவர் கைப்பட்ட லாரிகளாகப் பார்த்துப் படுத்தன. இரண்டையும் முடிச்சுப் போட எவருக்கும் தோன்றவில்லை.

லாரியைக் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். லீலண்ட் பானட்டில் கைவைத்துக் கூவுவார். மனைவி கோரின் வேனுக்குள் இருந்தபடி தோத்திரப் பாட்டு ஒலிபரப்புவாள். இஞ்சின் உறுமும். காணிக்கை போட்டவருக்கு ஜெப எண்ணெய் ஒரு குப்பி. மறுநாளே லாரி மறுபடி படுத்தால், விசுவாசம் போதவில்லை என்று அர்த்தம்.

ஆர்விட் கிழவர் அந்தக் குப்பியை நம்பி, உறைந்த ஏரியின் நடுவே தனியாக மீன்பிடிக்கப் போனார். லாரி திரும்பக் கிளம்பவில்லை. நடந்தே கரை சேர்ந்தவருக்குக் குளிரில் உறைந்து கால்விரல் இரண்டு போயிற்று.

"என் அவிசுவாசந்தான் டாக்டரம்மா," என்றார், பார்க்க வந்த மாட்டு வைத்தியர் மார்லிஸிடம். "ஏரிக்கரைக் குடிசைய பிரதருக்கே எழுதிக் குடுத்துடறேன்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க. அப்புறம் எழுதலாம்," என்றாள் மார்லிஸ்.

ஞாயிறன்று ஆர்விட்டின் லாரியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஊன்றுகோலோடு அவரும் ஏறி உட்கார்ந்தார். லீலண்ட் கையை ஓங்கினார்.

"பிரதர், ஒரு சின்ன ஆசை," என்றாள் மார்லிஸ். "கோரின் எப்பவும் வேனுக்குள்ளயே இருக்காங்க. இன்னிக்கு எங்ககூட நின்னு பாடட்டுமே."

"அவளுக்குக் குளிர் ஆகாது."

"என் கோட்டைத் தர்றேன்."

கூட்டமும் ஆசையாகக் கூப்பிட்டது. கோரின் வெறுங்கையோடு இறங்கினாள். லீலண்ட் ஜெபித்தார். லாரி முனகி அடங்கியது. குரலை உயர்த்தினார். முனகலும் நின்றது.

"இங்க ஒரு அவிசுவாசி இருக்கா," என்றார்.

"நாந்தான். போன வாரமும் இருந்தேனே, அன்னிக்கு வேற லாரி கிளம்பிச்சே?"

மார்லிஸ் வேனுக்குள் கைவிட்டு ஒரு டேப்லெட்டை எடுத்துக் காட்டினாள். திரையில் ஆர்விட்டின் லாரியுடைய பெட்ரோல் கணக்கு.

"குளிர்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது. அதனால கிளம்பறப்ப கூடுதலாப் பீய்ச்சணும். எவ்வளவுங்கற எண் இதுல இருக்கு. கம்பியே வேண்டாம், இங்கிருந்தே மாத்தலாம். குறைச்சு வச்சது இவரு. ஜெபத்துக்கு ஏத்தி, அப்புறம் இறக்குனது கோரின்."

எண்ணை ஏற்றினாள். ஆர்விட் சாவியைத் திருப்பினார். லாரி உடனே பிடித்துக்கொண்டது. ஒருவரும் கைதட்டவில்லை.

ஆர்விட் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "பிரதர், என் விரலுக்கும் இதுல எண் இருக்கா?"

போலீஸ் அதிகாரியான ஷெரிப் வந்து லீலண்டையும் கோரினையும் அழைத்துப் போனார்.

கூட்டம் கலையுமென்று நினைத்தேன். கலையவில்லை. ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மார்லிஸிடம் வந்தார்.

"டாக்டரம்மா, என் லாரி மேலயும் கொஞ்சம் கைவைங்களேன்."

"வைக்கறேன்," என்றாள் மார்லிஸ். "பானட்டைத் தொறக்கறதுக்கு முந்தி நீங்க மண்டையத் தொறங்க."