கிரவுண்டு அண்ணாச்சியின் கயிறு

உலகத்தில் எந்தக் கால்பந்து மைதானத்தையும் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிடலாம். விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் மைதானத்தைச் சுற்றிப் பார்க்காமல் தப்பிப்பதுதான் கஷ்டம். காரணம், கிரவுண்டு அண்ணாச்சி.

அவருடைய நிஜப் பெயர் அவர் வீட்டம்மாவுக்காவது தெரியுமா என்பது சந்தேகம். மேட்சுக்கு மேட்ச் சுண்ணாம்பால் கோடு போடுவது அவர் வேலை. மற்ற நேரத்தில் கழுத்தில் விசிலும், தோளில் கோடு அளக்க முடிச்சுப் போட்ட பருத்திக் கயிறுமாக கேட்டில் நிற்பார். பாபநாசத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் ஒன்றுக்குப் போக ஒதுங்கினாலும் சுற்றிக்காட்டித்தான் அனுப்புவார். ஒருமுறை ஒரு பஸ் பஞ்சராகி நின்றது. டிரைவர், கண்டக்டர் உட்பட மொத்த பஸ்ஸையும் இறக்கிக் கூட்டிப்போய்விட்டார். டயர் மாட்டி ஹாரன் அடித்த பிறகும், மேற்குக் கோல் இன்னும் பாக்கி இருக்கிறது என்று யாரையும் விடவில்லை.

டூருக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. செருப்பைக் கழற்ற வேண்டும். கோல்போஸ்ட்டை வலது கையால் மட்டும் தொடலாம். குறுக்கே பேசினால் விசில். புளியமரத்தடிதான் டிரெஸ்ஸிங் ரூம். எதிரே இருக்கிற டீக்கடை பத்திரிகைக்காரர்களுக்கான மாடமாம். அங்கே எந்தப் பத்திரிகைக்காரனும் வந்து நான் பார்த்ததில்லை.

எனக்கும் அவருக்கும் ஆகாது. வாலிபத்தில் நான் ஊர் அணிக்கு ஆடியவன். ஒரு இறுதிப் போட்டியின் கடைசி நிமிஷத்தில் பெனால்டி கிடைத்தது. அடித்தால் கோப்பை. அடித்தேன். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து கால்வாயில் விழுந்து அம்பாசமுத்திரத்துக்கே போய்விட்டது. மறுநாள் டீக்கடையில் என்னைத் தோலுரித்தார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் வேறு. எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது. அப்போதுதான் அண்ணாச்சி உள்ளே வந்து, தப்பு தன்னுடையது என்றார். சாரலில் கயிறு நனைந்து நீண்டுவிட்டதாம். பெனால்டிப் புள்ளியை இரண்டடி தள்ளி வைத்துவிட்டாராம்.

அன்றிலிருந்து வசவெல்லாம் அவருக்குப் போயிற்று. நானும் விடவில்லை. என் கோப்பையைத் தின்ற மனுஷன் என்று முப்பது வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

போன மாதம் என் மாப்பிள்ளை வந்தார். சென்னைக்காரர், நூல் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. வெளிநாட்டில் ஏதோ பெரிய ஸ்டேடியத்தைச் சுற்றிப் பார்த்த படங்களைக் காட்டிக் காட்டி மாய்ந்துபோனார். எனக்கு ரோஷம் வந்து, அவரையும் என் மனைவியையும் எங்கள் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன்.

"அங்க செருப்பைக் கழத்தச் சொன்னானா மாப்ளே?" என்றார் படங்களைப் பார்த்த அண்ணாச்சி.

இல்லை என்றார் மாப்பிள்ளை.

"பின்ன என்ன கிரவுண்டு அது."

பெனால்டிப் புள்ளிக்கு வந்ததும் அண்ணாச்சி நின்றார். "இங்கனதான் என் மானம் போச்சு. கயிறு நனைஞ்சு நீண்டுட்டு. ஒங்க மாமா மேல ஒரு தப்பும் கெடையாது."

மாப்பிள்ளை ஏதோ கேட்க வாயெடுத்தார். காது கிழிகிற மாதிரி ஒரு விசில்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். "மாமா, பருத்திக் கயிறு நனைஞ்சா நீளாது, சுருங்கும். அப்படின்னா புள்ளி கோலுக்குக் கிட்டதானே வந்திருக்கும்?"

நான் எங்கள் ஊர் நூல் மில்லில் டைம் ஆபீஸில் வருகைப் பதிவேடு எழுதியே ஓய்வு பெற்றவன். நூலைத் தொட்டவனில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் அதே மில்லில் இருபது வருஷம் நூல் சுற்றியவள்.

"ஊருக்கே தெரியும்லா," என்றாள். "நூல்ல பொழைக்குத ஊரு இது. நீங்க தலை நிமிந்து நடக்கட்டும்னு அவரு பழிய ஏத்துக்கிட்டாரு. நாங்களும் நம்புத மாதிரி இருந்துட்டோம்."

மறுநாள் காலையில் தனியாகப் போனேன். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினேன். டூர் தொடங்கியது. டிரெஸ்ஸிங் ரூம், மாடம், கோல்போஸ்ட் எல்லாம் பார்த்தேன். புள்ளி வந்தது.

"அண்ணாச்சி, அந்தக் கயிறு..." என்று ஆரம்பித்தேன்.

விசில்.

"குறுக்கப் பேசப்பிடாதுன்னு சொல்லிருக்கம்லா வே. கயிறு நீண்டுட்டு. அம்புட்டுத்தான்."

சரி என்று தலையாட்டினேன். அந்தப் பந்து கால்வாய்க்குப் போனதில் முதல் தடவையாக எனக்கு வருத்தமே இல்லை.