ஆறு லேன் மாற்றமும் ஐம்பத்துமூன்று மணியும்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் கார் ஓட்டுகிற அத்தனை பேரிலும் மிகவும் பயந்தவர் ஐம்பத்துமூன்று மணி அண்ணைதான். இதை நான் யோசித்துத்தான் சொல்கிறேன். நாலு வருடமும் இரண்டு மாதமும் அவருடைய காரில், அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்து வேலைக்குப் போனவள் நான். அந்தப் பட்டியலில் இரண்டாவது இடம் எனக்கு.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவள். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், வானிலை, பயணிகள் எண்ணிக்கை என்று ஒவ்வொரு பக்கத்திலும் நாலு கட்டம் கோடு போட்டு வைத்திருப்பேன். இங்கே எழுதுவதை எல்லாம் அதில் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியான பென்டில் ஹில்லின் கடைகளில் போய் அண்ணையின் சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. மன்னார்க் கத்தோலிக்கர். மருந்துக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்குகிற வேலை. கார் நெடுஞ்சாலையில் ஏறுகிற இடத்தில் செபமாலையைத் தொடங்குவார், இறங்குகிற இடத்தில் முடிப்பார். மாலை கியரில் சுற்றிக் கிடக்கும். இடது பெருவிரல் ஒவ்வொரு மணியாக உருட்டும். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை என்பதால் அந்தப் பெயர்.

அவர் செபம் சொன்னது பக்தியால் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அது அவருடைய ஓட்டும் முறை. செபமாலையில் முதலில் மூன்று மணி, பிறகு பத்துப் பத்தாக ஐந்து பகுதி. ஒவ்வொன்றும் முடிய ஒரு சிறிய புகழ்ச் செபம் வரும். ஆக மொத்தம் ஆறு புகழ்ச் செபம். எங்கள் நெடுஞ்சாலையில் நாலு லேன். இடப்பக்கம் ஏறி வலப்பக்க ஓரத்துக்குப் போக மூன்று லேன் மாற்றம், இறங்குவதற்குத் திரும்பி வர மூன்று. அதுவும் ஆறு. புகழ்ச் செபத்தின் கடைசிச் சொல்லில் சிக்னல் போட்டு, கண்ணை ஒரு கணம் மூடி, லேன் மாறுவார். கண்ணை மூடுகிற பகுதியை நான் வீட்டில் சொன்னதில்லை.

ஏன் வலப்பக்க ஓரத்துக்குப் போக வேண்டும்? அங்கேதான் டி-3 லேன் இருந்தது. மூன்று பேராவது இருக்கிற கார் மட்டும் அதில் போகலாம். அண்ணை, நான், பின் இருக்கையில், பக்கத்துக் கிரவீனில் வசிக்கிற சுபா. கோயம்புத்தூர்ப் பெண், கணினி வேலை, வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்கண்ணா, மூணாவது புகழ்ச் செபத்துல டி-3க்குள்ள போறோம். நாலாவதுல வெளிய வந்துடறோம். இந்த ஒரே ஒரு பத்துக்காகவா நான் தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கிறேன்?"

"பிள்ளை, அந்தப் பத்து மணிக்குள்ளை எத்தினை காரைக் கடக்கிறம் எண்டு பார். மற்ற லேன் எல்லாம் நிக்குது."

"பாக்கறேனுங்கண்ணா. அவங்கெல்லாம் கண்ணைத் தொறந்துட்டு நிக்கறாங்க."

டாஷ்போர்ட்டில் மன்னாரின் மடு மாதா சின்னச் சிலையாக நின்றார். நான் ஒரு சின்னப் பிள்ளையாரைக் கொண்டுபோய்த் தயங்கித் தயங்கி நீட்டினேன். அண்ணை வாங்கிப் பக்கத்தில் ஒட்டினார். மறுநாள் சுபா ஒரு முருகனைக் கொண்டுவந்தாள். "ஒட்டு, ஒட்டு. அங்கையும் மூண்டு பேர் இருக்கட்டும்" என்றார் அண்ணை.

என்னிடமும் லைசென்ஸ் இருந்தது. ஆனால் ஒன்பது வருடத்துக்கு முன்னர் அதே நெடுஞ்சாலையில் ஏறப் போய், ஏறுபாதையின் நுனியில் காரை நிறுத்திவிட்டேன். வலப்பக்கம் லொறிகள் சுவர்போல ஓடிக்கொண்டிருந்தன, இடைவெளி வரவில்லை. பதினொரு நிமிடம். பின்னால் ஹோர்ன். கடைசியில் ரோந்துக்காரர் வந்து என்னை இறக்கிவிட்டு, தானே காரை ஓட்டி வெளியே எடுத்தார். அன்றிலிருந்து கடைக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் ஓட்டுவேன். என் வேலை ஓர் ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளைப் பதிவது. ஆறரைக்குத் தொடங்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை, ரயில் அந்தப் பக்கம் போவதில்லை. உலகத்திலேயே பயந்த மனிதரிடம் என்னை ஒப்புக்கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அந்த நாலு வருடமும் அந்த வீதியை அகலமாக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பக்கம் தோண்டுவார்கள், மறுபக்கம் ஊற்றுவார்கள். செம்மஞ்சள் கூம்புகள் நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. லேன்கள் நெளிந்து ஒடுங்கி, இரண்டு பக்கமும் கொங்கிரீட் தடுப்புக்கு நடுவே போகும்போது, பக்கத்து லொறியின் சில்லு என் காதுக்கு நேரே சுற்றும். நான் கதவுக்கு மேலுள்ள கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து அதன் பூச்சு உரிந்துபோயிற்று. ஒவ்வொரு முறை கூம்பு நகரும்போதும் அண்ணையின் கணக்குப் பிழைக்கும். அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் தனியாகப் போய், எந்தப் பாலத்தடியில் எத்தனையாவது மணி என்று ஒத்திகை பார்ப்பார். வேகம் நாற்பது என்ற பலகையை யாரோ எடுக்க மறந்து போனால், வேலை நடக்காத நாளிலும் நாற்பதில்தான் போவார். பின்னால் வருகிற லொறி வானம் அதிர ஹோர்ன் அடிக்கும். அண்ணை செபமாலைக் கையை உயர்த்துவார். லொறிக்காரர் அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டு இன்னும் பலமாகக் கத்துவார்.

சுபா லீவு போட்ட ஒரு நாள் பெரிய சங்கடம். இரண்டு பேருக்கு டி-3 இல்லை. டி-3 இல்லாவிட்டால் நாலு லேன் மாற்றம் போதும், மீதி இரண்டு புகழ்ச் செபத்தை என்ன செய்வது? அண்ணை பஸ் தரிப்பிடத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "ஹலோ! கம், கம்! ஃப்ரீ!" என்றார். ஒளிரும் சட்டை போட்ட மலைபோன்ற டொங்கா தீவு மனிதர் ஒருவர் ஏறினார். அந்த நெடுஞ்சாலை வேலையில் 'நில், மெதுவாகப் போ' என்ற பலகை பிடித்து நிற்கிறவர் அவர், நாள் முழுக்க லொறிகளுக்கு நடுவே நிற்கிறவர். அவரும் கத்தோலிக்கர். மாலையைக் கண்டதும் முகம் மலர்ந்து, தன் மொழியில் கூடவே சொல்லத் தொடங்கினார். ஆனால் அவர் வேகம் கூடியவர். அண்ணை ஏழாவது மணியில் நிற்க, அவர் புகழ்ச் செபத்தையே பாடி முடித்துவிட்டார். கடைசிச் சொல்லைக் கேட்டதும் அண்ணையின் கை பழக்கத்தில் சிக்னலைத் தட்டி வளைத்துவிட்டது. இடையில் ஒரு சீமெந்து லொறி. எனக்கு நினைவிருப்பது அதன் ஹோர்ன் மட்டுந்தான். அந்த மலை மனிதர் இறங்கும்போது என் கையைப் பிடித்து, கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு மட்டும் சொன்னார்.

இனி அந்தத் திங்கட்கிழமை.

என்னுடையது ஒப்பந்த வேலை. அந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். கூம்புகளின் புண்ணியத்தில் நான் ஏற்கெனவே இரண்டு நாள் பிந்தியிருந்தேன். இன்னொரு நாள் பிந்தினால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்ததுதான் எனக்குப் பயம்.

அன்று விடிய, நாங்கள் இறங்குகிற இடத்தில் புதுச் சந்திப்பைத் திறந்திருந்தார்கள். மேலும் கீழும் பாலங்கள், ஏழு வழி. ஞாயிற்றுக்கிழமை அது திறக்கவில்லை. எனவே ஒத்திகை இல்லை.

நாலாவது புகழ்ச் செபத்தில் டி-3ஐ விட்டு வந்தோம், ஐந்தாவதில் இன்னும் ஒரு லேன் மாறினோம். ஐந்தாவது பகுதி தொடங்கி நாலு மணி போயிருக்கும். தலைக்கு மேலே பெரிய பச்சைப் பலகை வந்தது. எங்கள் எக்ஸிட். இருக்க வேண்டிய இடத்துக்கு நெடுந்தூரம் முன்னாலேயே.

"அண்ணா, எக்ஸிட்! எக்ஸிட் வந்துடுச்சுங்கண்ணா!"

"இன்னும் ஆறு மணி கிடக்கு."

"ஆறு மணிக்கு எக்ஸிட் நிக்காதுங்க! அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க!"

"அண்ணை, இப்ப மாறுங்கோ" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"இடையில மாற ஏலாது தங்கச்சி. தெரிஞ்சு ஒரு நாளும் மாறினதில்லை."

எக்ஸிட் எங்கள் இடப்பக்கமாகப் போய்விட்டது. முன்னால் வீதி இரண்டாகப் பிரிந்தது, அதிலொன்று சுரங்கத்துக்குள் இறங்கியது. அண்ணை அப்போதுதான் பிரேக்கில் கால் வைத்தார். பின்னால் டயர்கள் கீச்சிட்டன. எப்படி இடப்பக்கம் வந்தோம் என்று தெரியாது, அவருக்கும் தெரியாது. அவசரத்துக்கு ஒதுங்கும் இடத்தில் கார் நின்றது. ஒவ்வொரு லொறி போகும்போதும் கார் ஒரு தரம் ஆடியது. மடு மாதா, பிள்ளையார், முருகன் மூவரும் சேர்ந்து ஆடினார்கள். நேரம் 6.09.

அண்ணை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"தங்கச்சி, என்னால ஏலாது" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. அறுபத்துநாலு வயது மனிதர், கண் கலங்கி இருந்தது.

நான் சுபாவைப் பார்த்தேன். "எனக்கு எல் போர்டுங்கக்கா. நாலு தடவ ஃபெயில்" என்றாள். அன்று அவள் பேசிய கடைசிச் சொல் அது.

வலப்பக்கக் கதவைத் திறக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. நான் இடப்பக்கத்தால் இறங்கினேன். அண்ணை கியருக்கு மேலால் தவழ்ந்து வந்து இறங்கினார். அதே வழியால் நான் தவழ்ந்து உள்ளே போனேன். ஸ்டியரிங் ஈரமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னர் பார்த்த அதே லொறிச் சுவர்.

அண்ணை கியரில் கிடந்த மாலையைக் கழற்றித் தன் கையில் எடுத்தார். முதல் மணியிலிருந்து தொடங்கினார். ஒரே பயணத்தில் இரண்டாம் தரம் தொடங்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். எனக்கு அந்தச் சட்டங்கள் எல்லாம் மனப்பாடம். சிக்னலைப் போட்டுவிட்டு நான் புகழ்ச் செபத்துக்காகக் காத்திருந்தேன். என் கண் அவருடைய விரலிலேயே இருந்தது.

"நீ மணியைப் பாக்காத" என்றார். "கண்ணாடியைப் பார். மணியை நான் பாக்கிறன்."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். லொறி, லொறி, வெள்ளை வான், லொறி. பிறகு ஒரு சின்ன இடைவெளி, தூரத்தில் ஒரு பஸ்.

"இப்ப போ!"

அவர் அப்போது முதல் பத்தின் நாலாவது மணியில் இருந்தார். நாலு வருடத்தில் தெரிந்து ஒரு நாளும் மணி நடுவில் லேன் மாறாத மனிதர், எனக்காக நாலாவது மணியில் "இப்ப போ" என்றார். நான் போனேன்.

சுரங்கத்துக்குள் போகாமல், அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, சுற்றி வந்தேன். அண்ணை இன்னும் மூன்று தரம் "இப்ப போ" சொன்னார். ஒன்றுகூடப் புகழ்ச் செபத்தில் வரவில்லை. ஆய்வுகூட வாசலில் 6.34. நாலு நிமிடம் பிந்திவிட்டேன். ஓடிப்போய் மேசையில் உட்கார்ந்து, வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே மாதிரிகளை அடுக்கினேன்.

மேற்பார்வையாளர் வந்தது 6.41க்கு. முகமெல்லாம் வேர்வை. அவரும் அதே எக்ஸிட்டைத் தவறவிட்டுச் சுரங்கத்துக்குள் போயிருக்கிறார். அவர் காரில் மணி எண்ண ஒருவரும் இருக்கவில்லை. மாதக் கடைசியில் என் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

அந்தத் திங்களுக்குப் பிறகு அண்ணை நெடுஞ்சாலையில் ஓட்டவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற அவருக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் என் காரில் பக்கத்து இருக்கையில் வந்தார். முதல் நாள் காரின் கைப்பிடியைப் பிடித்தார், கடைசி நாள்தான் விட்டார். பிறகு குவேக்கர்ஸ் ஹில்லில் மகளோடு இருக்கப் போய்விட்டார்.

இப்போது சுபாவும் நானும்தான். ஏழாவது தடவையில் சுபாவுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது, ஆனால் நான் ஓட்டவிடுவதில்லை. நெடுஞ்சாலையில் ஏறும் இடத்துக்கு வரும்போது, ஒவ்வொரு நாளும் 5.52க்கு என் கைத்தொலைபேசி ஒரு தரம் அடித்து நிற்கும். அண்ணையின் மிஸ்ட் கோல். செபமாலையைத் தொடங்கிவிட்டேன் என்று அர்த்தம். நான் எடுப்பதில்லை. எடுத்தால் அவர் இடையில் நிறுத்த வேண்டிவரும்.

இன்றைக்கும் எனக்கு அந்த வீதி பயம்தான். ஆனால் கண்ணாடியைப் பார்க்கிறேன், இடைவெளி வந்தால் போகிறேன். சட்டப்படி காரில் இருப்பது இரண்டு பேர், ஆகவே டி-3க்குள் நான் ஒரு நாளும் போனதில்லை. நாட்குறிப்பில் பயணிகள் எண்ணிக்கை என்ற கட்டத்தில் மட்டும் மூன்று என்று எழுதுகிறேன்.