ஐந்து நாட்டுத் தேர்வும் அக்கா மகளும்

நுழைவுத் தேர்வைக் கண்டுபிடித்த மகானுக்கு இதுவரை எந்த நாடும் சிலை வைக்கவில்லை என்பது மனித குலத்துக்கே இழுக்கு. அந்த இழுக்கைத் துடைக்க எங்கள் தேர்வுத் துறை எடுத்த மாபெரும் முயற்சியை, அத்துறையில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கோப்புக் கட்டிவரும் எழுத்தர் என்ற தகுதியில், பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கால்நடை மருத்துவப் படிப்புக்கு எங்களிடம் ஒரே ஒரு தேர்வுதான் இருந்தது. நூறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. சரியான விடைக்கு நேரே உள்ள வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும்.

"உலகம் எங்கேயோ போயிட்டிருக்கு. நாம இன்னும் வட்டத்துக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கோம்" என்று துறைத் தலைவர் மனம் வெதும்பினார். வெதும்பிய மனத்தை ஆற்ற, ஐந்து நாடுகளுக்கு விமானச்சீட்டு எடுக்கப்பட்டது. குறிப்பெடுக்கவும் பெட்டி தூக்கவும் நானும் போனேன்.

முதல் நாட்டில் நாலு மணி நேரத்துக்கு ஒரே கேள்வி: 'நான் என்பது யார்?' பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். இரண்டாம் நாட்டில் பேராசிரியர்கள் மூவர் சோபாவில் சாய்ந்துகொண்டு பேச்சுக் கொடுத்தார்கள். மூன்றாவதில், கேட்டல் தேர்வு நடக்கையில் பிள்ளைகள் காதில் இரைச்சல் விழக் கூடாதென்று விமானங்களையே நிறுத்தி வைத்தார்கள். எங்கள் விமானத்தையும்தான். நான்காவதில் தகுதியுள்ளவர்கள் பெயரைப் போட்டுக் குலுக்கினார்கள்.

ஐந்தாம் நாட்டில்தான் விபரீதம். பள்ளியை முடித்த யாரும் அங்கே நேராகக் கல்லூரியில் சேரலாமாம்.

"அப்போ பிள்ளைங்கள எப்படி வெளிய நிறுத்துவீங்க?" என்றார் தலைவர். மொழிபெயர்ப்பாளர் அதைக் கல்லூரி முதல்வரிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"'எதுக்கு நிறுத்தணும்?'னு கேக்கறாங்க சார்."

தலைவருக்குத் தண்ணீர் தெளித்தோம்.

ஊர் திரும்பியதும் எது சிறந்த முறை என்று மூன்று நாள் விவாதம். "எல்லாமே நல்லாத்தான் இருக்கு. எதுக்கு ஒண்ண விடணும்?" என்றார் ஓர் உறுப்பினர். அந்த நொடியில் 'உலகத்தர ஒருங்கிணைந்த தேர்வு' பிறந்தது. ஐந்தாம் நாடு மட்டும் 'ஒழுங்கீனங்கள்' என்ற பின்னிணைப்புக்கு அனுப்பப்பட்டது.

முதல் ஆண்டே என் அக்கா மகள் அதை எழுதினாள். தெருநாய் நொண்டினால் எந்தக் காலில் முள் என்று எதிர்வாடையிலிருந்தே சொல்லிவிடுவாள். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரே கன்றைப் பிடித்துக்கொள்ள அவளைத்தான் கூப்பிடுவார். அவளுக்கு வேறு கனவே கிடையாது.

"நீதான் அந்த ஆபீஸ்லயே இருக்கியேடா, அவளுக்கு ஏதாவது சொல்லிக் குடேன்" என்றாள் அக்கா.

"பயப்படாம எழுதச் சொல்லுக்கா. எல்லாம் உலகத்தரம்."

தேர்வன்று, அமைதியை முன்னிட்டு, விடிந்ததிலிருந்தே எல்லா வாகனங்களும் நிறுத்தப்பட்டன. பிள்ளைகள் வரவேண்டிய பேருந்துகளும் அதில் அடக்கம். அக்கா மகள் ஒன்பது கிலோமீட்டர் நடந்து, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தாள். பாதிப் பேர் இன்னும் வழியிலேயே இருந்ததால், மண்டபத்தின் அமைதி உலகத்தரத்தையும் மிஞ்சியது.

கட்டுரைக் கேள்வி: 'தான் ஒரு மாடு என்பது மாட்டுக்குத் தெரியுமா? நாற்பது பக்கங்களுக்கு மிகாமல் விளக்குக.' அவள், 'தெரியாது. ஆனால் தனக்குப் பசிக்கிறது என்று தெரியும்' என்று எழுதினாள். மிகவில்லை.

நேர்காணலில் சோபா போட்டிருந்தோம். குறிப்பெடுக்க நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்கும்மா இந்தப் படிப்பு?" என்றார் தலைவர்.

"மாடு வாயத் திறந்து வலிக்குதுன்னு சொல்லாதுங்க சார். நாமதான் பாத்துக் கண்டுபிடிக்கணும்."

தலைவர் பக்கத்திலிருந்த உறுப்பினரிடம் குனிந்தார். "நாலு விடைல இது எது?"

"நாலுலயும் இல்லீங்க."

"அப்போ தப்பு."

வட்டத்துக்கும் கட்டுரைக்கும் சோபாவுக்கும் கிடைத்த மதிப்பெண்களை எப்படிக் கூட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே எல்லோருமே தகுதியுள்ளவர்கள் என்று அறிவித்துக் குலுக்கினோம். எட்டாயிரத்து நானூறு பெயர்கள்; இடங்கள் அறுபது. அறுபதாவது சீட்டு எடுத்ததும் டப்பாவை மூடினார்கள். அவள் பெயர் டப்பாவுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மறுநாள் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க என் பிரிவுக்கு வந்தாள். அழவில்லை. என்னைக்கூடப் பார்க்கவில்லை, என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்தாள்.

"மாமா, சுவத்துல எதுக்கு வரிசையா இரும்பு வளையம்?"

"குடை மாட்டத்தான்."

"முழங்கால் உயரத்துலயா?" அவள் குனிந்து தரையைத் தடவினாள். "தரை சரிவா இருக்கு. ஓரத்துல கழுவி விட வாய்க்கால். வாசல்ல படியே இல்ல, சாய்வா ஏத்திருக்காங்க. மாமா, இது மாடு கட்டுற இடம்."

மாட்டைப் பார்த்தே நோயைச் சொல்கிறவளிடம் கட்டடம் தப்புமா? கோப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் பாசாங்கு செய்தேன். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னேன்: "இன்னொரு கால்நடைக் கல்லூரிக்குன்னுதான் கட்டினாங்க. இருநூறு பேர் படிக்கலாம். உலகத்தரத் தேர்வு நடத்த எங்களுக்கு இடம் பத்தலைன்னு..."

அவள் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு அந்தச் சாய்தளத்தில் இறங்கிப் போனாள்.

இருந்தாலும் நாங்கள் உலகுக்கே முன்னோடி என்பதை யாரும் மறுக்க முடியாது. மற்ற நாடுகளில் தேர்வெழுதிய பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். எங்கள் நாட்டில்தான் தேர்வே கல்லூரிக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது.